முன்னேற்றச் செய்தியும் அதன் தாமதமும்: யூனிக்ஸ் குழாயிலிருந்து பைதன் வரை

கிணறு வெட்டுவோரிடம் எத்தனை முழம் ஆழ்ந்தது என்று மாலைதோறும் வினவுதல் கிணற்றுக்குடையவரின் இயல்பு. வினவுவதனால் வேலை விரைவதில்லை. ஆயினும் வேலை நடைபெறுகின்றதோ நின்றுவிட்டதோ என்பதை அறியாது காத்திருத்தல் மனிதர்க்கு எளிதன்று. கணினி ஆற்றும் நெடுவேலைக்கும் இது பொருந்தும். ஆதலின் பெருந்தரவை ஆராயும் நிரல், நிகழ்படத்தை வடிவமாற்றும் நிரல், கோப்புக்களைப் பிரதிசெய்யும் நிரல் ஆகியன தம் வேலையில் நூற்றுக்கு எவ்வளவு முடிந்தது என்பதை அவ்வப்போது அறிவித்துச் செல்வன. இதுவே முன்னேற்றச் செய்தி எனப்படும்.

இத்தகைய நிரல் ஒன்றை முனையத்தில் நேரே இயக்குமிடத்து அதன் செய்தி செக்கனுக்குச் செக்கன் தோன்றும். அதே நிரலைப் பைதன் மொழியில் எழுதப்பட்ட வேறொரு நிரல் இயக்கி, அதன் செய்தியைத் தான் வாங்கிக் காட்ட முயலுமிடத்துப் பலவேளைகளில் மௌனமே எஞ்சுகின்றது. வேலை முடிந்த பின்னரே செய்தி அனைத்தும் ஒருங்கே வந்து குவிகின்றது. பைதன் பயில்வோர் பலர் இதனைப் பைதனின் குறையெனக் கொள்வர். அக்கருத்து வரலாற்றோடு பொருந்துவதன்று. பைதன் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே யூனிக்ஸ் முறைமையில் வகுக்கப்பட்ட ஒரு விதியின் விளைவே இத்தாமதம். கேட்பவர் மனிதராயின் உடனே சொல்லுக. கேட்பது பொறியாயின் சேர்த்துவைத்துச் சொல்லுக என்பதே அவ்விதியின் சாரம். அவ்விதி தோன்றிய காரணத்தையும், அதனால் விளைந்த இடர்களையும், அவற்றைத் தீர்க்கப் பின்வந்தோர் கண்ட வழிகளையும் முறையே நோக்குதல் பயனுடையது.

தொலையச்சுப் பொறியின் காலம்

1960களின் தொடக்கம்வரை கணினியைப் பயன்படுத்தியோருட் பெரும்பாலார் அதனோடு நேரே உரையாடினரல்லர். துளையிட்ட அட்டைக்கட்டைக் கையளித்து, நெடுநேரம் காத்திருந்து, அச்சிட்ட தாளைப் பெற்றுச்செல்வதே அக்கால வழக்கம். 1961 ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் செய்துகாட்டிய நேரப்பகிர்வு முறை இந்நிலையை மாற்றியது. ஒரே கணினியோடு பலர் தத்தம் முனையத்தில் இருந்தவாறே உரையாடும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

அம்முனையம் திரையன்று, தாளில் அச்சிடும் தொலையச்சுப் பொறியே. 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த ரெலிரைப் 33 என்னும் பொறி செக்கனுக்குப் பத்து எழுத்துக்களை அச்சிட்டது. யூனிக்ஸ் வழியில் வந்த முறைமைகளில் முனையத்தைக் குறிக்கும் 'ரீரீவை' என்னும் பெயர் இப்பொறியின் பெயரின் சுருக்கமேயாம்.

இப்பொறி விட்டுச்சென்ற மரபுரிமை பெயரளவில் நின்றுவிடவில்லை. ஒரு வரி முடிந்ததும் அச்சுத் தலையை இடக்கோடிக்குக் கொண்டுசெல்ல ஒரு குறியும், தாளை ஒரு வரி மேலேற்ற வேறொரு குறியும் தேவைப்பட்டன. 1963 ஆம் ஆண்டின் அஸ்கி நியமத்தில் முன்னைய குறியின் எண் 13. பின்னைய குறியின் எண் 10. யூனிக்ஸ் முறைமை, மல்ற்றிக்ஸ் என்னும் முன்னோடியைப் பின்பற்றி, வரியின் முடிவைக் காட்ட 10 ஆம் குறி ஒன்றையே கொண்டது. 13 ஆம் குறி வேறொரு பயனைப் பெற்றது. தாளை மேலேற்றாது தலையை மட்டும் இடக்கோடிக்குத் திருப்பினால் பழைய வரியின் மீதே புதிய வரி பதியும். தாளில் அஃது அலங்கோலமே. திரையிலோ பழைய எழுத்து மறைந்து அவ்விடத்திற் புதிய எழுத்துத் தோன்றும். நூற்றுக்கு 41, நூற்றுக்கு 42 என ஒரே வரியில் மாறிக்கொண்டிருக்கும் முன்னேற்றச் செய்தி இக்குறியினாலேயே இயலுகின்றது. ஆகவே அதனை வரிவரியாக வாசிக்க முயலும் நிரல், முடிவே இல்லாத ஒரு வரியை எதிர்நோக்கியிருத்தலும் கூடும். இது பின்னர் விளக்கப்படும்.

குழாயின் தோற்றம்

ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாக்கலாம் என்னும் எண்ணத்தைப் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்றோய் 1964 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் எழுதிய குறிப்பொன்றிற் காணலாம். தோட்டத்துக்கு நீர்விடும் குழாயில் வேண்டும்போது இன்னொரு துண்டைப் பூட்டுவதுபோல நிரல்களையும் ஒன்றோடொன்று பூட்டுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வெண்ணம் செயலுருப் பெறுவதற்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1969 ஆம் ஆண்டிற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையில் 1973 ஆம் ஆண்டிலே தொம்சன் குழாயை அமைத்தார்.

குழாயின் இயல்பு எளியது. ஒரு முனையில் ஒரு நிரல் எழுதும். மறுமுனையில் வேறொரு நிரல் வாசிக்கும். இடையே ஓரளவு எழுத்துக்களே தங்க இடமுண்டு. தொடக்ககால யூனிக்ஸில் அவ்வளவு 4096 பைற்றுக்களாக இருந்தது. லினக்ஸ் முறைமையில் 2005 ஆம் ஆண்டு முதல் 65,536 பைற்றுக்கள் ஆயிற்று. குழாய் வெறுமையாயின் வாசிப்பது உறங்கிக் காத்திருக்கும். நிறைந்ததாயின் எழுதுவது உறங்கிக் காத்திருக்கும். குழாய்க்குள் வந்த எழுத்தை மறுமுனை உடனே எடுத்துக்கொள்ளத் தடை ஏதுமில்லை. எனவே தாமதத்துக்குக் குழாயைக் குறைகூறுதல் தகாது. எழுத்துக் குழாய்க்குள் வந்து சேர்வதன் முன்னரே தாமதம் நிகழ்ந்துவிடுகின்றது.

1970களில் எழுந்த மற்றொரு பிரிவும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. யூனிக்ஸ் நிரலுக்கு முதலில் ஒரு வெளியீட்டு வழியே இருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் ஒளியச்சுக்கோப்புப் பொறிக்கு அனுப்பிய வேலைகளிற் சில பழுதானபோது, திரையில் வரவேண்டிய வழுச்செய்தி அழகாக அச்சுக்கோக்கப்பட்டு வெளிவந்தது. விலையுயர்ந்த தாள் வீணாயிற்று. அதன் பின்னரே பயன்பொருள் செல்லும் நியம வெளியீடு வேறாகவும், பயன்படுத்துவோருக்குரிய செய்தி செல்லும் நியம வழு வெளியீடு வேறாகவும் பிரிக்கப்பட்டன. முன்னேற்றச் செய்தியைப் பல நிரல்கள் இரண்டாவது வழியில் விடுத்தல் இதனாலேயாம். முதல் வழியை மட்டும் கேட்டிருப்பவர் அச்செய்தியைக் காணார்.

இடையகமும் அதன் விதியும்

ஒரு நிரல் ஓரெழுத்தை வெளியிட முறைமையின் கருவை அழைத்தல் வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் செலவுண்டு. அக்காலக் கணினிகளின் வேகத்தில் அச்செலவு பெரிது. தபாற்காரர் கடிதம் ஒன்றுக்கு ஒரு பயணம் மேற்கொள்ளாது பை நிறைந்தபின் புறப்படுவதே சிக்கனம். அவ்வாறே எழுத்துக்களை நிரலுக்குள்ளேயே ஓரிடத்திற் சேர்த்துவைத்து, அவ்விடம் நிறைந்ததும் ஒருமுறை கருவை அழைத்து அனுப்பும் வழக்கம் உண்டாயிற்று. அவ்விடமே இடையகம். 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வழங்கிய நியம உள்ளீட்டு வெளியீட்டு நூலகத்தில் இடையகத்தின் அளவு 512 பைற்றுக்கள்.

ஆயின் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தால் முனையத்தின்முன் இருப்பவர் யாதும் காணாது திகைப்பர். ஆதலின் அந்நூலகம் நியம வெளியீட்டுக்கு ஒரு வினாவை அமைத்தது. வெளியீடு செல்வது முனையத்துக்கா, அன்றா? முனையத்துக்காயின் சேர்த்துவைத்தல் இல்லை. அன்றேல் இடையகம் நிறையும்வரை காத்திருத்தல். முனையத்துக்கு வரிக்கு வரி அனுப்புதல் பின்னர் பெருவழக்காயிற்று. 1989 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சீ மொழியின் அமெரிக்க நியமம் இவ்வழக்கைச் சட்டமாக்கியது. நியம வெளியீடு உரையாடற் சாதனத்துக்குச் செல்லவில்லை எனத் துணியப்படும்போது மட்டுமே முழு இடையகம் கொள்ளும் என்றும், வழு வெளியீடு ஒருபோதும் முழு இடையகம் கொள்ளாது என்றும் அது விதித்தது.

விதியின் நோக்கம் நன்றே. குழாயின் மறுமுனையில் இருப்பது நிரல்; நிரலுக்கு ஆவலும் இல்லை, அச்சமும் இல்லை என்பது அதன் அடிப்படை. ஆனால் அந்நிரலின் பின்னே ஒரு மனிதர் காத்திருக்கக்கூடும் என்பதை அவ்விதி எண்ணிப் பார்க்கவில்லை. அதன் விளைவைக் கணக்கிட்டு அறியலாம். நாற்பது எழுத்துக் கொண்ட செய்தியொன்றைச் செக்கனுக்கு ஒருமுறை கூறும் நிரலின் இடையகம் 4096 பைற்றுக்கள் என்க. முதற்செய்தி வெளிவருவதற்கு நூறு செக்கனுக்கு மேற் செல்லும். வேலை ஒன்றரை நிமிடத்துள் முடிவதாயின் இடையில் ஒரு சொல்லும் வாராது. முடிவில் அனைத்தும் ஒருங்கே வரும். செக்கனுக்குப் பத்தெழுத்தே அச்சிட்ட தொலையச்சுப் பொறியின்முன் இருந்தவர்கூட இத்துணை நேரம் வெறுந்தாளை நோக்கியிருந்திரார்.

மௌனத்தின் இருவகை

முன்னேற்றச் செய்தி வெறும் அலங்காரமென எண்ணுதல் பிழை. பிராட் மையர்ஸ் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுவீதங் காட்டும் முன்னேற்றக் குறிகாட்டியைப் பயன்படுத்துவோர் விரும்பினர் என்றும், அது காத்திருப்போருக்கு உதவும் என்றும் எடுத்துக்காட்டினார். இதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. மௌனம் இருவகைப்படும். ஒன்று வேலை செவ்வனே நடைபெறும்போது இடையகத்தால் உண்டாகும் மௌனம். மற்றொன்று முட்டுநிலையால் உண்டாகும் மௌனம்.

முட்டுநிலையாவது இது. ஒரு நிரல் மற்றொன்றை இயக்கி, அதன் வெளியீட்டைக் குழாயோடு பூட்டி, குழாயை வாசியாது, அது முடியட்டும் எனக் காத்திருக்கின்றது. இயக்கப்பட்ட நிரல் எழுதியெழுதிக் குழாய் நிறைகின்றது. இனி யாரேனும் வாசித்தாலன்றி அது மேலே செல்லாது. வாசிக்கவேண்டியதோ அது முடியும்வரை வாசிப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று எதிர்நோக்கி என்றும் உறங்கும். நியம வெளியீட்டுக்கும் வழு வெளியீட்டுக்கும் தனித்தனிக் குழாய் பூட்டி, ஒன்றை மட்டும் வாசித்திருப்பினும் இதே நிலை நேரும்.

வெளியே இருப்பவருக்கு இவ்விரு மௌனமும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னையதை முட்டுநிலையென ஐயுற்றவர் பல மணிநேர வேலையை முடியும் தறுவாயில் நிறுத்திவிடுவர். பின்னையதை வேலையென நம்பியவர் விடியும்வரை வீணே காத்திருப்பர். முன்னேற்றச் செய்தியை உரிய வேளையிற் பெறுதல் ஏன் இன்றியமையாதது என்பது இதனாற் புலப்படும்.

பைதன் கண்ட வழிகள்

ஒல்லாந்து நாட்டு அம்ஸ்ரடாம் நகரிலே கணித, கணினி ஆய்வு நிறுவகம் ஒன்றிற் பணியாற்றிய கைடோ வான் றொசம் 1989 ஆம் ஆண்டின் இறுதியிற் பைதன் மொழியை ஆக்கத் தொடங்கி, 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டார். யூனிக்ஸ் வழக்கில் இருந்த 'பீஓப்பன்' என்னும் செயற்கூறு அம்மொழிக்கும் வந்தது. பின்னர் அதன் கிளைகள் பலவாயின. ஒரே வேலைக்குப் பல வாயில்கள் இருந்தமையாற் கற்போர் மயங்கினர். 2003 ஆம் ஆண்டு நவம்பரிற் பீற்றர் ஓஸ்ட்ராண்ட் 324 ஆம் இலக்க முன்மொழிவை எழுதி, அவை அனைத்துக்கும் ஈடாக ஒரே கூறினை அமைத்தல் வேண்டும் என வேண்டினார். 'சப்புரோசெஸ்' என்னும் அக்கூறு 2004 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் வெளிவந்த பைதன் 2.4 இல் இடம்பெற்றது. பழைய கிளைகளுட் சில 2008 ஆம் ஆண்டின் பைதன் 3.0 இல் நீக்கப்பட்டன.

இக்கூறு முட்டுநிலைக்கு மருந்தாகக் 'கொம்யூனிக்கேற்' என்னும் முறையைத் தந்தது. அஃது இரு குழாய்களையும் ஒருங்கே வாசித்து, நிரல் முடிந்தபின் முழு வெளியீட்டையும் கையளிக்கும். முட்டுநிலை நீங்கும், ஆனால் இடைச்செய்தி கிட்டாது. 2015 ஆம் ஆண்டிற் பைதன் 3.5 இற் சேர்ந்த 'றன்' என்னும் எளிய வாயிலும் இத்தகையதே. இடைச்செய்தி வேண்டுவோர் குழாயைத் தாமே வரிவரியாக வாசித்தல் வேண்டும்.

அங்கும் பைதன் 2 இல் ஓர் இடையூறு இருந்தது. கோப்பொன்றின் வரிகளைச் சுழற்சியில் ஒவ்வொன்றாக எடுக்கும்போது, விரைவு கருதி, மொழியே மறைவாக முன்கூட்டி வாசித்துச் சேர்த்துவைத்தது. எழுதும் நிரல் உடனுக்குடன் சொல்லினும் கேட்கும் பைதன் அதனைத் தன்னுள் அடக்கிவைத்தது. 'றீட்லைன்' முறையை மீண்டும் மீண்டும் அழைத்தலே அக்காலத்து மாற்றுவழி. பைதன் 3 இன் உள்ளீட்டு வெளியீட்டு அடுக்கு 2007 ஆம் ஆண்டின் 3116 ஆம் இலக்க முன்மொழிவின்படி புதிதாக அமைக்கப்பட்டபோது இவ்விடையூறு நீங்கிற்று. பைதனின் பங்கெனக் கூறத்தக்க குறை இதுவொன்றே, அதுவும் தீர்ந்துவிட்டது.

ஆயினும் தாமதம் ஒழியவில்லை. ஏனெனில் அதன் வேர் புறநிரலின் இடையகத்தில் உள்ளது. சப்புரோசெஸ் கூற்றில் இடையக அளவைக் குறிக்கும் அளபுரு ஒன்றுண்டு. அதனைச் சுழியமாகவோ ஒன்றாகவோ இட்டால் தாமதம் தீருமெனப் பலர் நம்புவர். அவ்வளபுரு குழாயின் பைதன் பக்கத்துக்கே உரியது. புறநிரலுக்குள் இருக்கும் இடையகத்தை அது தீண்டுவதில்லை. அயல்வீட்டார் தம் தொட்டியிற் தேக்கிய நீரை இவ்வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து பெறுதல் இயலாதன்றோ.

13 ஆம் குறியைப் பற்றி முன்னர் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது. பைதனின் எழுத்துமுறை வாசிப்பு 10 ஆம் குறி, 13 ஆம் குறி, இரண்டும் சேர்ந்த இணை ஆகிய மூன்றையும் வரிமுடிவாகக் கொள்ளும். எனவே ஒரே வரியில் மாறும் செய்தியும் தனித்தனி வரியாகக் கைக்கு வரும். எனினும் 13 ஆம் குறி வந்தவுடன் அதன் பின்னே 10 ஆம் குறி வருமோ என்று அறிய வாசிப்பு அடுத்த எழுத்தை எதிர்நோக்குவதால், செய்தி ஒருபடி பிந்தியே கிடைத்தல் உண்டு. பைற்று முறையில் வாசித்துத் தாமே பிரிப்போருக்கு இத்தாமதம் இல்லை. 1963 ஆம் ஆண்டின் அச்சுத் தலையும் தாளுருளையும் இன்றைய நிரலிலும் தம் நிழலை வீழ்த்துகின்றன.

மனிதர் உளர் என்று அறிவித்தல்

புறநிரலின் இடையகத்தைத் திறப்பிக்க மூவகை வழிகள் தோன்றின. முதலாவது, புறநிரலை முனையத்தின்முன் இருப்பதாக நம்பச்செய்தல். 1983 ஆம் ஆண்டின் பேர்க்கிளி யூனிக்ஸ் 4.2 பதிப்பில், வலையமைப்பு வழியாக உட்புகுவோருக்கெனப் போலி முனையம் பயன்பட்டது. அஃது உண்மையிற் கருவி அன்று. கருவி போல நடிக்கும் மென்பொருளே. 1990 ஆம் ஆண்டில் டொன் லைப்ஸ் ஆக்கிய 'எக்ஸ்பெக்ற்' என்னும் கருவி இதனையே பயன்படுத்திப் பிற நிரல்களோடு உரையாடியது. முனையத்துக்கா என்னும் வினாவுக்கு ஆம் என்னும் விடை கிடைப்பதால் புறநிரல் வரிக்கு வரி பேசும். பைதனிலும் 'பீரீவை' என்னும் கூறு இவ்வசதியை யூனிக்ஸ் வழி முறைமைகளுக்குத் தருகின்றது. விண்டோஸ் முறைமைக்கு இத்தகைய வசதி 2018 ஆம் ஆண்டிலேயே வந்தது.

இரண்டாவது, இடையகத்தின் அளவை வெளியிலிருந்து மாற்றுதல். 2009 ஆம் ஆண்டில் குனூ தொகுப்பிற் சேர்ந்த 'ஸ்ரெட்பஃப்' என்னும் கட்டளை, புறநிரல் தொடங்குமுன் அதன் நூலகத்தினுட் புகுந்து இடையக விதியை மாற்றிவிடும். ஆயின் நியம நூலகத்தைப் பயன்படுத்தாத நிரலுக்கும், தன் இடையகத்தைத் தானே வகுத்த நிரலுக்கும் இது பயன்படாது.

மூன்றாவது, புறநிரலை எழுதுவோரே இடையகத்தை உரிய இடத்தில் வெறுமையாக்குதல். சிறந்தது இதுவே. புறநிரலும் பைதனில் எழுதப்பட்டதாயின் 'மைனஸ் யூ' என்னும் தெரிவோடு இயக்கலாம். 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த பைதன் 3.3 முதல் 'பிறின்ற்' கூற்றிலேயே உடன் அனுப்பும் கட்டளையைச் சேர்க்கவும் கூடும். எஃப்எஃப்எம்பெக் என்னும் நிகழ்பட நிரல் மனிதருக்கென 13 ஆம் குறியோடு கூடிய செய்தியை வழு வெளியீட்டில் விடுப்பதோடு, வேண்டுவோர்க்குப் பெயரும் மதிப்பும் கொண்ட வரிகளைத் தனி வழியில் விடுக்கும் தெரிவையும் வைத்துள்ளது. மனிதரின் கண்ணுக்கு ஒரு வடிவும் நிரலின் வாசிப்புக்கு வேறொரு வடிவும் வகுத்த இவ்வொழுங்கு பின்பற்றத்தக்கது.

இவ்வரலாற்றினின்று மாணவர் கொள்ளத்தக்க நடைமுறை சிலவாகும். புறநிரலின் செய்தி எவ்வழியில் வருகின்றது என்பதை முதலில் அறிக. இருவழியும் வேண்டுமாயின் வழு வெளியீட்டை நியம வெளியீட்டோடு இணைத்து ஒரே குழாயாக்குக. அன்றேல் இரண்டையும் ஒருங்கே வாசிக்க ஏற்பாடு செய்க. வாசியாது காத்திருத்தலை ஒழிக்க. மௌனம் தோன்றின் பைதனை ஐயுறுமுன் புறநிரலின் இடையகத்தை நோக்குக. வாசித்து முடிந்தபின் நிரல் தந்த முடிவெண்ணைப் பார்த்தே வேலை நிறைவேறியதெனக் கொள்க. நூற்றுக்கு நூறு என்னும் செய்தி அதற்குச் சான்றாகாது.

1970களில் சிக்கனம் கருதி வகுத்த விதி அக்காலத்துக்குப் பொருத்தமானது; இன்றும் பெருந்தரவைக் கைமாற்றும் நிரல்களுக்கு அது நன்மையே செய்கின்றது. அதனைப் பழித்தல் முறையன்று. ஆயின் குழாயின் மறுமுனையில் பொறியே உளது என்னும் அதன் துணிபு, பொறியின் பின்னே மனிதர் இருக்கும்போது பிழைபடுகின்றது. போலி முனையமும், ஸ்ரெட்பஃப்பும், உடன் அனுப்பும் கட்டளையும் வடிவால் வேறாயினும் பொருளால் ஒன்றே. காத்திருப்பவர் ஒருவர் உளர் என்பதை அவை நிரலுக்கு அறிவிக்கின்றன. நிரல் எழுதக் கற்போர் விடையைச் சரியாகத் தருவதோடு, அவ்விடைக்காகக் காத்திருப்பவருக்கு வேலையின் நிலையை வேளையோடு கூறுவதையும் தம் கடமையெனக் கொள்வாராயின், அவ்வறிவிப்புக்குத் தேவையே இராது.